மானாவாரிக்குப் பத்து, கிணத்துக்கு அஞ்சு

"இஸ்லாமும் சமூகத் திட்டமிடலும்"னு ஆரம்பிச்சாலே கிலாஃபத், ஷரீஅத்துன்னு பெருசா எதையோ நினைச்சு நண்பர்கள் ஓடிடுறாங்க. நான் சொல்ல வர்றது கம்பு, சோளம் சமாச்சாரம். பயப்படாம வாங்க :-)

பணத்துக்கு ஜகாத் 2.5 சதவீதம், எல்லாருக்கும் தெரியும். விளைச்சலுக்கும் ஜகாத் உண்டு என்பது நம்ம ஆளுங்களுக்கே பாதி மறந்து போச்சு. மழையை நம்பி விளைந்த தானியத்தில் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒரு பங்கு. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போற வழியில் கரிசலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சட்டுனு புரியும். கிணறு வெட்டி, மோட்டார் போட்டவனுக்குச் செலவு ஜாஸ்தி, அவன்கிட்ட பாதி வாங்கு. மழை பொய்த்து விளையவே இல்லையா? ஒண்ணும் தர வேண்டாம்.

எட்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் தலைமை காஜியாக இருந்த அபூ யூசுஃப், கலீஃபா ஹாரூன் அல் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் நிலவரிக்கும் இதே யோசனையைத்தான் சொன்னார். நிலத்தை அளந்து ஒரே தொகையைக் கட்டச் சொல்லாதே, விளைச்சலில் பங்கு வாங்கு என்று.

சரி, வாங்கினதை யாருக்குக் கொடுக்கணும்? குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயம் எட்டு பிரிவினரைச் சொல்கிறது. ஏழைகள், வழிப்போக்கர், கடனாளிகள் என்று போகிற பட்டியலில், அதை வசூலித்து நிர்வகிக்கிறவர்களும் உண்டு. ஒரு சாஃப்ட்வேர்காரனுக்கு இதுதான் ஆச்சரியம். நிர்வாகச் செலவை டிசைனிலேயே வச்சிருக்காங்க. அப்படின்னா இது ஒரே இடத்தில் சேர்த்து, கணக்கு வைத்துச் செய்ய வேண்டிய காரியம்தானே?

நாம என்ன பண்றோம்? ரமலான் கடைசிப் பத்தில் வாசலில் வரிசை நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு ஐம்பது ரூபாய், ஒரு சேலை. அடுத்த வருஷமும் அதே அம்மா அதே வரிசையில். அவங்க வீட்டுக் கந்துவட்டி மட்டும் குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். பத்து வீட்டு ஜகாத்தைச் சேர்த்தால் அந்த ஒரு குடும்பத்தின் கடனை ஒரே தடவையில் அடைச்சிரலாம்.

"அதிராம்பட்டினத்துல பைத்துல்மால் நடக்குதுன்னா அது வெளிநாட்டுக் காசு புழங்குற ஊரு, நம்ம வறண்ட காட்டுல நடக்குமா?" என்பார்கள். காசு குறைவான ஊருக்குத்தானய்யா திட்டம் அதிகம் தேவை!

நிஜமான தடை நம்பிக்கை. ஒரு ஜமாஅத் கூட்டத்தில் வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டலாமே என்று கேட்டேன். "தம்பி, நீங்க பெங்களூர்ல இருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு இது?" என்றார் ஒரு பெரியவர். சிரிச்சுட்டு உட்கார்ந்துட்டேன். உட்கார்ந்திருக்கக் கூடாது. கணக்கு கேட்பதை அவமரியாதையாக நினைக்கிற வரைக்கும், எவ்வளவு நல்ல திட்டமும் பயான்ல மட்டும்தான் இருக்கும்.

உங்க ஊர்ல எப்படி? பின்னூட்டத்தில் சொல்லுங்க.

டிஸ்கி: நான் ஆலிம் இல்லை. எந்தப் பயிருக்கு உண்டு, எதுக்கு இல்லை என்பது மத்ஹபுக்கு மத்ஹபு மாறும். அதை உங்க ஹஜ்ரத்கிட்ட கேட்டுக்குங்க.