கிரீன் கார்டு இருக்கு, வரியும் கட்டுறாங்க... ஆனா ஓட்டு இல்லை! அமெரிக்கக் குடியுரிமை வாங்குவதா, வேண்டாமா?

அமெரிக்காவுக்குப் போய் 20 வருஷம் ஆகிவிட்டது. சொந்த வீடு, நிரந்தர வேலை, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என எல்லாம் இருக்கிறது. வருமான வரி, சொத்து வரி எதிலும் பாக்கி இல்லை. ஆனால் தேர்தல் நாள் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வாக்குச்சாவடிக்குப் போவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். காரணம், கையில் இருப்பது கிரீன் கார்டு. குடியுரிமை இல்லை.

சட்டப்படி வந்து, சட்டப்படி வாழ்ந்து, வரியும் கட்டும் ஒருவருக்கு ஓட்டுரிமை கொடுக்க வேண்டுமா? அல்லது 'ஓட்டு வேண்டுமென்றால் முதலில் குடிமகன் ஆகு' என்று சொல்வதுதான் சரியா? பல நாடுகளில் நடக்கும் இந்த விவாதம், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நேரடியாகத் தொடர்புடையது. விரிவாகப் பார்க்கலாம்.

கிரீன் கார்டு என்ன தரும், என்ன தராது?

கிரீன் கார்டு என்பது அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி. இதை வைத்திருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்கு காட்ட வேண்டும். விரும்பினால் அந்நாட்டு ராணுவத்தில் சேரலாம். 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள், கட்டாய ராணுவச் சேவை வந்தால் அழைப்பதற்கான பட்டியலிலும் இருக்க வேண்டும்.

அதாவது நாட்டுக்காகச் சண்டை போடலாம். ஆனால் அந்த நாட்டின் அதிபரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

1996-ல் வந்த குடியேற்றச் சட்டப்படி, குடிமகன் அல்லாதவர் மத்தியத் தேர்தலில் ஓட்டு போடுவது குற்றம். ஓராண்டு வரை சிறை, அதோடு நாடு கடத்தலும் நடக்கலாம். இதில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போகும்போதே 'வாக்காளராகப் பதிவு செய்யவா?' என்று படிவத்தில் கேட்பார்கள். யோசிக்காமல் 'ஆம்' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், 'நான் குடிமகன்' என்று பொய் சொன்னதாகவே அது எடுத்துக்கொள்ளப்படலாம். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு 'டிக்' பெரிய சிக்கலாக வந்து நிற்கும்.

முன்பும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் குடியுரிமை பெறாத குடியேறிகளும் ஓட்டு போட்டார்கள். ஆள் குறைவாக இருந்த புதிய மாநிலங்களுக்கு மக்களை ஈர்க்க அது ஒரு வழி. பிறகு குடியேறிகள் மீதான வெறுப்பு வளர வளர, ஒவ்வொரு மாநிலமாகக் கதவை மூடின. கடைசியாக மூடிய மாநிலம் ஆர்கன்சா, ஆண்டு 1926.

இன்றும் சில ஊர்களில் விதிவிலக்கு உண்டு. மேரிலாந்து மாநிலத்தின் டகோமா பார்க் நகரில் 1992 முதல் உள்ளூர்த் தேர்தலில் குடிமக்கள் அல்லாதவர்களும் ஓட்டு போடலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் பெற்றோர்களுக்கு இந்த உரிமை உண்டு.

நியூயார்க் நகரம் இன்னும் பெரிதாக முயன்றது. 2021 டிசம்பரில் நகர மன்றம் நிறைவேற்றிய சட்டம், கிரீன் கார்டு மற்றும் வேலை அனுமதி வைத்திருக்கும் சுமார் 8 லட்சம் பேருக்கு நகரத் தேர்தலில் ஓட்டுரிமை தரப் பார்த்தது. 30 நாள் அங்கே வசித்திருந்தாலே போதும் என்றது அந்தச் சட்டம். 'ஒரு மாதம் தங்கினாலே ஓட்டா?' என்று எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மாநில அரசியல் சாசனம் குடிமக்களுக்குத்தான் ஓட்டுரிமை தருகிறது என்பதே தீர்ப்பின் சாரம். அந்தச் சட்டத்தின்படி ஒரு ஓட்டுகூடப் பதிவாகவில்லை.

மற்ற நாடுகளில் என்ன நிலை?

நியூசிலாந்து: 1975 முதல் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்கள் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டு போடலாம். ஓராண்டு தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். ஆனால் வேட்பாளராக நிற்கக் குடியுரிமை கட்டாயம்.

பிரிட்டன்: இந்தியா, இலங்கை, மலேசியா போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே சட்டப்படி வசித்தால், பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு போடலாம். இந்திய பாஸ்போர்ட்டோடு லண்டனில் வாழும் ஒரு தமிழர், அந்நாட்டுப் பிரதமரைத் தீர்மானிக்கும் தேர்தலில் பங்கேற்கிறார்!

ஜெர்மனி: ஹாம்பர்க் உள்ளிட்ட இடங்களில் வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி ஓட்டுரிமை தர முயன்றபோது, 1990-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தடுத்தது. 'மக்கள்' என்று சாசனம் சொல்வது ஜெர்மன் குடிமக்களைத்தான் என்றது நீதிமன்றம். பிறகு ஜெர்மனி வேறு வழியில் போனது. 2024 ஜூனில் குடியுரிமைக்கான காத்திருப்பை 8 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாகக் குறைத்தது. பழைய நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது.

ஆக, உலகில் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, குடியுரிமை இல்லாமலே ஓட்டு தருவது. இன்னொன்று, ஓட்டைக் குடியுரிமையோடு கட்டிவைத்து, குடியுரிமை வாங்குவதை எளிதாக்குவது.

ஓட்டு கொடுக்கலாம் என்பவர்கள் சொல்வது என்ன?

பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு செலவு, சொத்து வரி எவ்வளவு, தெருவுக்குப் போலீஸ் எத்தனை பேர் என்று முடிவெடுப்பது உள்ளூர் நிர்வாகம். அந்த முடிவின் பலனையும் பாதிப்பையும் அங்கே வசிக்கும் எல்லோரும்தான் அனுபவிக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் குரல் இல்லை என்றால், அரசியல்வாதி அவர்கள் தெருப் பக்கம் எதற்கு வரப் போகிறார்?

எதிர்ப்பவர்களின் வாதம் என்ன?

ஓட்டு என்பது வரி ரசீதுக்குக் கிடைக்கும் பரிசு அல்ல என்கிறார்கள் இவர்கள். வரிதான் அளவுகோல் என்றால் சுற்றுலாப் பயணிகூட வரி கட்டுகிறார். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஏழைக் குடிமகனின் ஓட்டைப் பறிக்க வேண்டியிருக்கும். நாட்டின் நல்லது கெட்டது இரண்டிலும் கடைசி வரை கூட நிற்பேன் என்று உறுதியேற்பவர்தான் நாட்டின் திசையைத் தீர்மானிக்க வேண்டும். கிரீன் கார்டுக்காரர் நினைத்தால் நாளைக்கே சொந்த ஊருக்குத் திரும்பிவிடலாமே என்பது அவர்கள் கேள்வி.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவும் இதே நிலைப்பாட்டில்தான் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 326-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டுரிமை தருகிறது. ஆனால் இந்த வாதம் நிற்க ஒரு நிபந்தனை உண்டு. 'குடிமகன் ஆகி வா' என்று சொன்னால், அதற்கான கதவு உண்மையிலேயே திறந்திருக்க வேண்டும்.

கதவு மூடியிருந்தால் என்ன ஆகும்?

இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே கசப்பான பாடம் இருக்கிறது. இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு வெள்ளையர் காலத்தில் அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் 1947 தேர்தலில் ஓட்டு போட்டார்கள். தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் ஓட்டுரிமையும் போனது.

ஓட்டு போனதும் பேரம் பேசும் பலமும் போனது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போடப்பட்டபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகள் மனிதர்களைப் பங்கு பிரித்தன. யாரிடமும் விருப்பம் கேட்கவில்லை. மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினராக சௌமியமூர்த்தி தொண்டமான் மீண்டும் நாடாளுமன்றத்துக்குள் வந்தது 1977-ல். நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் முக்கியச் சட்டம் வர 2003 ஆனது.

அமெரிக்காவிலும் இந்தியர்களுக்கு ஒரு காலத்தில் கதவு மூடித்தான் இருந்தது. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தடை 1946-ல்தான் நீங்கியது. பஞ்சாபில் இருந்து 1920-ல் படிக்கப் போன தலிப் சிங் சௌந்த், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியும் விவசாயம்தான் செய்தார். சட்டம் மாறிய பிறகு 1949-ல் குடிமகன் ஆனார். 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். கதவு திறந்து 10 வருஷத்தில் நடந்தது இது! சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2000-ல் குடியுரிமை பெற்று, 2016-ல் அதே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

இப்போது கதவு எப்படி இருக்கிறது?

கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம் ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடிமகனைத் திருமணம் செய்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 வருஷம். ஆன்லைனில் கட்டணம் 710 டாலர். ஆங்கிலத் தேர்வும், வரலாறு - அரசமைப்பு பற்றிய தேர்வும் உண்டு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குத் தேர்வு கடினமாகியிருக்கிறது. 20 கேள்விகளில் 12-க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். முன்பு 10-க்கு 6 போதும்.

வயதான பெற்றோர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 50 வயதைத் தாண்டி, கிரீன் கார்டோடு 20 வருஷம் இருந்தவர்கள், அல்லது 55 வயதைத் தாண்டி 15 வருஷம் இருந்தவர்கள் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தமிழிலேயே பதில் சொல்லலாம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? கிரீன் கார்டுக்கு முந்தைய வரிசையில்! வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் 7, குட்டி நாட்டுக்கும் 7. அதனால் ஹெச்1பி விசாவில் போன இந்தியர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த வருஷங்கள் 5 வருஷக் கணக்கில் சேராது. கூடவே வளர்ந்த பிள்ளைகள் 21 வயதைத் தொட்டதும் பெற்றோரின் விசாவில் இருந்து வெளியேற வேண்டிய நிலையும் உண்டு.

குடியுரிமை வாங்கினால் எதை இழக்கிறோம்?

பலரும் தயங்குவது இங்கேதான். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பதில் ஓசிஐ அட்டை வாங்கலாம். விசா இல்லாமல் வரலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டு போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது.

'ஊரில் வயல் வாங்க முடியாதே' என்பது அடிக்கடி கேட்கும் கவலை. உண்மையில், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ-யும் விவசாய நிலம் வாங்க முடியாது. வீடு, மனை இரு தரப்பும் வாங்கலாம். பரம்பரைச் சொத்தாக வரும் நிலத்துக்கும் தடையில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: என்ஆர்ஐ நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டால் அந்தத் தடை அவருக்கு நீங்கும்.

இந்திய ஓட்டு? 2010-ல் செய்த சட்டத் திருத்தப்படி, இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் வாக்காளராகப் பதிவு செய்யலாம். ஆனால் ஓட்டு போட சொந்தத் தொகுதிக்கு நேரில் வந்தாக வேண்டும். ஒரு ஓட்டுக்காக லட்ச ரூபாய் டிக்கெட் போட்டு வருபவர்கள் எத்தனை பேர்? ஆக, கிரீன் கார்டோடு நிற்பவருக்கு நடைமுறையில் அங்கேயும் ஓட்டு இல்லை, இங்கேயும் இல்லை.

குடியுரிமை வாங்கினால் கிடைப்பது?

ஓட்டு மட்டுமல்ல. பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். அதற்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பும் இல்லை. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. குடிமகனுக்கு அந்தப் பயம் இல்லை. 18 வயதுக்குக் குறைந்த, கிரீன் கார்டு உள்ள பிள்ளைகள் பெற்றோருடன் அங்கே வசித்தால் அவர்களுக்கும் தானாகவே குடியுரிமை வரும்.

2024 நிதியாண்டில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள் 8 லட்சத்துக்கும் அதிகம். அதில் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். மெக்சிகோவுக்கு அடுத்த இடம்.

அப்போ எதுதான் சரி?

நாடாளுமன்ற ஓட்டைக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒரு நாடு வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம், சட்டப்படி வாழ்பவர் ஒரு நியாயமான காலத்துக்குள் குடிமகன் ஆக முடியும் என்பதைப் பொறுத்தது. 5 வருஷம் காத்திருக்கச் சொல்வது நிபந்தனை. வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கச் சொல்வது மறுப்பு. ஓட்டு இல்லாத மக்களுக்கு என்ன நடக்கும் என்பதை மலையகம் ஏற்கனவே காட்டிவிட்டது.

கதவு திறந்திருப்பவர்களுக்கோ கேள்வி வேறு. பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் நாளில் மனசு கனக்கத்தான் செய்யும். ஆனால் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும், வரி போகும் கஜானாவும், பேரப்பிள்ளைகளின் எதிர்காலமும் அந்த ஊரில்தான் என்று முடிவாகிவிட்டால், அங்கே நடக்கும் தேர்தலை எத்தனை வருஷத்துக்கு ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருப்பது? விடை ஒவ்வொரு குடும்பத்தின் கையில்.