வேடிக்கை பார்த்து வாங்கும் பயோடெக் பட்டம்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷம் பயோடெக்னாலஜி படித்துவிட்டு, தன் கையால் ஒரு தடவைகூட ஒரு ஜீனை க்ளோன் செய்யாமல் வெளியே வரும் பிள்ளைக்குப் பட்டம் கொடுப்பது ஏமாற்று வேலை. என் கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. லட்சங்களில் பணம் வாங்கிக்கொண்டு அவர்களை வேடிக்கை பார்க்க வைக்கும் கல்லூரிகள் மேல்.

நான் பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். ஆள் எடுக்கும்போது நேர்காணலில் என்னையும் உட்கார வைப்பார்கள். நம்ம ஊரிலிருந்து வரும் பிள்ளைகள், நம்மைப் போலப் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்று நிறையப் பேர் வருகிறார்கள். மதிப்பெண்ணில் குறையே சொல்ல முடியாது. "லைகேஷன் பண்ணியிருக்கியாப்பா?" என்று கேட்டால் மட்டும், "டெமோ காட்டினாங்க சார்" என்று பதில் வரும். ஒருவர் பைபெட் பிடிக்க, வகுப்பே சுற்றி நிற்கும். பின்வரிசைக்காரனுக்குத் தெரிந்தது முன்னால் நின்றவனின் பின்மண்டை. அதற்குப் பெயர் பிராக்டிகல்!

க்ளோனிங் என்றதும் 1996ல் பிறந்த டாலி ஆட்டுக்குப் போய்விடாதீர்கள், இது வேறு. வேண்டிய டிஎன்ஏ துண்டை என்சைமால் வெட்டி, பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் லைகேஸ் கொண்டு ஒட்டி, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றிவிடுவது. பாக்டீரியா பெருகப் பெருக நம் துண்டும் பெருகும். ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் குழுவினர் 1973ல் செய்து காட்டினார்கள். 1978ல் பாக்டீரியாவில் மனித இன்சுலின் தயாரானது, 1982ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதியும் கிடைத்தது. 1997ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே வித்தையில்தான். அங்கே ஜீனை ஈஸ்டுக்குள் வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பரீட்சையில் இதை எழுத நாலு வரி போதும். ஆய்வகத்தில் மறுநாள் காலை தட்டைத் திறந்தால் ஒரு காலனிகூட இருக்காது. ஏன்? செல்களை ஐஸில் வைக்காமல் மேசையில் விட்டோமா? 42 டிகிரியில் 45 விநாடி வைக்க வேண்டியதை ஐந்து நிமிஷம் மறந்தோமா? லைகேஸ் பஃபரைத் திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்கியதில் அதிலிருந்த ஏடிபி வீணாகிவிட்டதா?

தட்டு நிறையக் காலனி வந்தாலும் துள்ளிக் குதிக்க முடியாது. கொதிக்கிற அகாரில் ஆம்பிசிலினை ஊற்றியிருந்தால் மருந்து கெட்டு, பிளாஸ்மிட் இல்லாத பாக்டீரியாவும் வளர்ந்திருக்கும். இல்லாவிட்டால் வெட்டுப்படாத பிளாஸ்மிட் அப்படியே உள்ளே போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் கன்ட்ரோல் தட்டுகள். டிஎன்ஏ போடாத தட்டில் எதுவும் வளரக்கூடாது. முழு பிளாஸ்மிட் போட்ட தட்டில் வளர்ந்தே ஆகவேண்டும். வெட்டிய பிளாஸ்மிட்டை மட்டும் போட்ட தட்டில் எவ்வளவு வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெங்களூர்க் குளிரில் தோசை மாவு புளிக்காவிட்டால் நம் வீட்டில் என்ன செய்கிறார்கள்? உளுந்து பழசா, தண்ணீர் அதிகமா, குளிர் காரணமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். நாலு தடவை மாவு வீணாகாமல் யாருக்கும் அந்த அறிவு வந்ததில்லை. க்ளோனிங்கும் அதே கைப்பழக்கம்தான்.

"அதெல்லாம் பழைய காலம் சார், இப்போ கிட் வந்தாச்சு" என்று ஒரு பேராசிரியரே என்னிடம் வாதாடினார். உண்மைதான். 2008ல் கோல்டன் கேட் முறை வந்தது, பல துண்டுகளை ஒரே குழாயில் வரிசை மாறாமல் கோக்கலாம். 2009ல் டேனியல் கிப்சனின் முறை வந்தது. முனைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் மூன்று என்சைம்கள் சேர்ந்து 50 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிடும். பணம் கட்டினால் ஜீனையே செய்து அனுப்புகிறார்கள். ஆனால் அந்த முனைகளை வடிவமைப்பது யார்? ஒட்டியதை ஏற்றுவது அதே ஈ. கோலைக்குள்தானே? தட்டு காலியாக இருந்தால் கிட் வந்து காரணம் சொல்லுமா? எல்லாம் சரியாக நடக்கும் நாளில் யார் வேண்டுமானாலும் கிட் போடலாம். சரியாக நடக்காத நாளுக்குத்தான் எங்களுக்குச் சம்பளமே.

அடுத்த சாக்கு, செலவு. பாக்டீரியாவும் பிளாஸ்மிட்டும் ஒரு தடவை வாங்கினால் நாமே பெருக்கிக்கொள்ளலாம். டிஎன்ஏவை உள்ளே ஏற்ற, கால்சியம் குளோரைடு, ஐஸ், வெந்நீர்த் தொட்டி போதும். அந்த முறைக்கு வழி 1970லேயே தெரிந்துவிட்டது. என்சைம் விலை அதிகம்தான், ஆனால் ஒரு மாணவனுக்குத் தேவை மைக்ரோலிட்டர் கணக்கில். 1980களின் நடுவில் மத்திய அரசு உதவியோடு எம்.எஸ்ஸி பயோடெக்னாலஜி தொடங்கிய முதல் சில பல்கலைக்கழகங்களில் நம் மதுரை காமராஜரும் ஒன்று. அன்றைக்கு முடிந்தது, இன்றைக்கு ஏசி பஸ் விடும் கல்லூரிக்கு முடியாதா?

ஆகவே பிள்ளையைச் சேர்க்கப்போகும் அப்பா அம்மாக்களுக்கு: கட்டடத்தைப் பார்த்தது போதும், ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மேசைக்கு எத்தனை பேர்? ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் வெட்டி, ஒட்டி, ஏற்றுமா? சொதப்பினால் மறுபடி செய்ய விடுவார்களா? கடைசி வருஷ ப்ராஜெக்டை ஆய்வகத்தில் செய்கிறார்களா, வெளியே ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குகிறார்களா? முடிந்தால் சீனியர்களின் ரெக்கார்ட் நோட்டைப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே எண்ணிக்கையில் காலனி வந்திருந்தால் யாரும் எதுவும் செய்யவில்லை என்று அர்த்தம் :-)

கேட்டால் முகம் சுளிக்கிறார்களா? பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். கல்விக் கடனை அடைக்கப்போவது நீங்களும் உங்கள் பிள்ளையும்தான், அவர்கள் இல்லை.