ஆறில்லாத ஊருக்கு ஓர் ஆறு

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே நமக்கு உண்டு. மழைநீர் சுண்ணக்கல்லின் இடுக்குகளால் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நன்னீரையே துலாவாலும், பின்னர் இயந்திரத்தாலும் இறைத்துத் தோட்டம் செய்தோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும் என்பதைக் கமக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு செம்மணி, நாவற்குழி வழியாக நடந்தோம். பக்கத்தில் நீர் பரந்து கிடந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு மிடறு தண்ணீர் இல்லை. அது உப்பாறு கடல்நீரேரியோடு சேரும் இடம். அந்த நீரை நன்னீராக்கலாம் என்று நினைத்தவர்கள் நமக்கு முன்னரே இருந்தார்கள்.

யப்பானின் தொனே ஆறு 322 கிலோமீற்றர் நீளமானது. முற்காலத்தில் தோக்கியோக் குடாவில் விழுந்த அதனை, 17ஆம் நூற்றாண்டில் கால்வாய்கள் வெட்டிக் கிழக்கே பசுபிக் கடலுக்குத் திருப்பினார்கள். இன்று அது வயல்களுக்கும் தோக்கியோ நகரத்தின் குடிநீருக்கும் உதவுகிறது. ஆற்றின் போக்கை மனிதர் கூடி மாற்றலாம் என்பதற்கு இது சாட்சி.

நம்மிடமும் அத்தகைய திட்டம் ஒன்று உண்டு. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆற்றின் வெள்ளம் ஆனையிறவு நீரேரியில் தேங்க வேண்டும். முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் வரவேண்டும். கடல்நீர் உட்புகாதபடி தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. ஆயினும் திட்டம் முழுமையடையவில்லை. போர்க்காலத்தில் கதவுகளைப் பராமரிக்க ஆளில்லாமற் போயிற்று.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் நம்மிற் பலரைக் காத்தது வன்னி மண். இரணைமடு நீரில் விளைந்த நெல்லை உண்டோம். அந்தக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச்சு எழுந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் அஞ்சியதில் நியாயம் உண்டு. உண்ணத் தந்தவனின் வாய்க்காலை வற்றச் செய்து நாம் தோட்டம் செய்யக்கூடாது. நாம் கேட்கவேண்டியது வேறு: மாரியில் வீணே கடலுக்குப் போகும் வெள்ளம். நீரேரியில் இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களையும் கூட்டிப் பேசியே அதைச் செய்யவேண்டும்.

திட்டம் நிறைவேறும்வரை கைகட்டி இருக்கலாமா? ஊர்க்குளத்தைத் தூர்வாருவோம். வெள்ளவாய்க்காலை அடைத்து மதில் கட்டாதிருப்போம். உரத்தை அளவோடு இடுவோம். இன்று இடும் உரம் நாளை கிணற்றில் இறங்கும். வாக்குக் கேட்டு வருவோரிடம், அரியாலைத் தடுப்பணையின் கதவுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று கேட்போம்.

ஊர் திரும்பியவருக்கும், இன்னும் திரும்பக் காத்திருப்பவருக்கும் காணி உறுதி மட்டும் போதாது. கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தால்தான் அது ஊர்.