பட்டூரும் ஓவியக் கல்வியும்

நம் நாட்டில் ‘கலைக் கல்லூரி’ என்னும் பெயர் பூண்டு விளங்குவன பல. இலக்கியம், வரலாறு, பொருளியல் முதலியன அவற்றிற் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும், கலை என்றவுடன் யாவரும் முதலிற் கருதும் ஓவியமோ பெரும்பாலான கல்லூரிகளில் வாயிலுக்கு வெளியே நிற்கின்றது. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி போல நுண்கலைத் துறை உடையன மிகச் சிலவே. ஏனைய இடங்களில் ஓவியம் விரும்புவோன் பிற கல்வியைத் துறத்தல் வேண்டும். பிற கல்வி விரும்புவோன் தூரிகையைத் துறத்தல் வேண்டும். இப்பிரிவினை தகுமா?

பழந்தமிழர் இவ்வாறு பிரித்திலர். நாடக மகளிர் கற்றுத் தேர்ந்தவற்றுள் ஓவிய நூலும் ஒன்றென மணிமேகலை கூறுகின்றது. புகார் நகரின் சிறப்பை விரிக்கும் இளங்கோவடிகள், பட்டும் மயிரும் பருத்தியும் கொண்டு நுண்டொழில் புரிந்த நெசவாளரை மறந்தாரல்லர். பவணந்தி முனிவரோ, சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் கொண்டு, ஏட்டு நூலுக்குத் தறி நூலையே உவமையாக்கினார்.

இவ்வுண்மையை நேரிற் காட்டுவது கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி நகரம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் கரையும் முந்தானையும் முதலில் தோன்றுவது தறியில் அன்று; கட்டத்தாளில். வரைவோர் கொடியையும் அன்னத்தையும் கட்டங் கட்டமாகப் பகுத்து எழுதுவர். அதற்கேற்ப அட்டைகளில் துளையிடப்படும். துளையுள்ள இடத்தில் பாவின் இழை மேலெழும். இல்லாத இடத்தில் எழாது. இதில் ஓவியமும் உண்டு, கணக்கும் உண்டு. எனினும், அத்தறியோசையில் வளர்ந்த பிள்ளை கல்லூரி புகுந்தால், மூன்றாண்டு முழுவதும் இதனைப்பற்றி ஒரு சொல்லும் கேளாமலே பட்டம் பெறுதல் கூடும். தந்தையார் அறிந்தது வெறுங் கைத்தொழில், தான் கற்றதே கல்வி என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் வேரூன்றுமாயின், அதற்குப் பொறுப்பு யாருடையது?

பிற நாட்டுப் பட்டூர் ஒன்றை நோக்குவோம். பிரான்சு தேசத்து லியோன் நகரத்தார், பட்டுக்கு வடிவம் வரைவோரைப் பயிற்றும் பொருட்டு 1756-ஆம் ஆண்டிலேயே ஓவியப் பள்ளி ஒன்றை நிறுவினர். இன்று ஆரணியிலும் வழங்கும் ஜக்கார்டு பெட்டி, அந்நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த பொறியின் வழிவந்ததே. பொறியை ஏற்றுக்கொண்ட நாம் பள்ளியை ஏற்றுக்கொண்டிலோம்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கே. ஜி. சுப்பிரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியிற் பொருளியல் பயின்றவர். 1942-ஆம் ஆண்டு விடுதலைப் போரிற் சிறை சென்றமையால் அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. 1944-இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை அடைந்தார். தாகூர் 1919-இல் தோற்றுவித்த அச்சிறு நிலையத்தில், ஓவியம் பாட்டோடும் இலக்கியத்தோடும் ஒருங்கு வளர்ந்தது. அங்கே பயின்ற அவர் பெரும் ஓவியரானார். பிற்காலத்தில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பணியும் ஆற்றினார். தூரிகை தறியை நாடிச் சென்றதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

‘ஓவியம் சோறு போடுமோ?’ என்பார் உளர். ஓவியத்தால் மட்டும் நெசவாளர் கூலி உயராது என்பதை யானும் ஒப்புகின்றேன். அதற்குச் சங்கமும் சந்தையும் சட்டமும் வேண்டும். ஆயின், இலக்கணம் பயில்வோர் அனைவரும் புலவராதல் வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை; ஓவியத்தினிடம் மட்டும் அதனை எதிர்பார்ப்பது ஏன்? கணினியே வடிவம் வரையும் இக்காலத்தில் கை எதற்கு என்பாரும் உளர். கணினி ஆயிரம் வடிவங்களை நொடியில் தரும். அவற்றுள் எது சேலைக்கு அழகு, எது பழங்கரையின் சிதைவு என்று தேர்வது பழகிய கண்ணே. அக்கண்ணைப் பழக்குவதே ஓவியக் கல்வி.

யான் வேண்டுவது பெருந்துறை அன்று. ஓர் அறை, ஓர் ஆசிரியர், வாரத்தில் இரண்டு மணி நேரம். எப்பாடம் எடுத்தோரும் அதில் அமரலாம். ஆண்டிற்குச் சில நாள், கட்டத்தாளில் வரையும் ஆரணித் தொழிலாளர் ஒருவரை ஆசிரியர் இருக்கையில் அமர்த்தித் தக்க ஊதியமும் தருதல் வேண்டும். வழக்கொழியும் கரைகளையும் அவற்றின் பெயர்களையும் மாணவர் வரைந்து தொகுத்தால், அத்தொகுப்பு தமிழ்ச் சொல்வளத்துக்கும் துணையாகும்.

இது பெருஞ்செல்வம் வேண்டும் காரியமன்று. பழைய மாணவர்கள் கைகொடுப்பின் அடுத்த ஆண்டே தொடங்கலாம். கல்லூரித் தலைவர்களும் ஆசிரியப் பெருமக்களும் இதனை ஆராய்ந்து ஆவன செய்வார்களாக.

— ஒரு மாணவன்,
தமிழ் ஆனர்ஸ், இரண்டாம் ஆண்டு.