டிராயிங் இருக்கு... பழகின கை எங்கே?

நிலாவுக்கு மறுபடியும் மனுஷனை அனுப்பறதைப் பத்தி எந்த பாட்காஸ்ட்டை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அதுலயும் மேடை போட்டு, ஆடியன்ஸை எதிர்ல உட்கார வெச்சு லைவ்வா ரெக்கார்ட் பண்ற எபிசோடுன்னா, மைக் கூட்டத்துப் பக்கம் போற வரைக்கும் பொறுமையா இருங்க. யாராவது ஒருத்தர் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டே தீருவார். ‘‘1969-லயே போய்ட்டு வந்தாச்சே... இப்ப ஏன் பாஸ் இத்தனை வருஷமா இழுக்கறீங்க?’’

எங்க ஹாஸ்டல்லயும் இதே கேள்விதான். என் ரூம்மேட் இன்னும் ஒரு படி மேல போய், ‘‘போகவே இல்ல மச்சி, அதான் திரும்பப் போக முடியல’’ன்னு தீர்ப்பே எழுதிட்டான். அவனை விடுங்க, அவன் ஃபிசிக்ஸ் லேபுக்கே ஒழுங்கா போனதில்லை.

போனாங்க. 1969 ஜூலையில இருந்து 1972 டிசம்பருக்குள்ள 6 தடவை இறங்கினாங்க, 12 பேர் நடந்தாங்க. நிறுத்தினதுக்கு முதல் காரணம் காசு. 1966 வாக்கில் அமெரிக்க அரசு செலவு பண்ண ஒவ்வொரு 100 டாலர்லயும் 4 டாலருக்கு மேல நாசாவுக்குப் போச்சு. இப்ப அரை டாலர்கூடத் தேறாது. மேடையில இருக்கறவங்க வழக்கமா சொல்ற பதிலும் இதுதான். சரியான பதில்தான், ஆனா பாதி பதில். காசைக் கொட்டினாலும் அந்தப் பழைய ராக்கெட்டை அப்படியே இன்னொரு தடவை செய்ய முடியாது. மிச்சப் பாதி அதுலதான் இருக்கு.

‘சாட்டர்ன் 5 ராக்கெட்டோட டிராயிங்கை எல்லாம் நாசா தொலைச்சிடுச்சாம்’னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்திக்கிட்டிருக்கு. சுத்தப் பொய். அலபாமா மாகாணம் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கற மார்ஷல் விண்வெளி மையத்துல மைக்ரோஃபிலிமா பத்திரமா வெச்சிருக்காங்க. அப்போ அதை ஜெராக்ஸ் எடுத்துச் செஞ்சுட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. வாங்க, அந்த ராக்கெட்டோட அடியில போய்ப் பார்ப்போம்.

அங்கே 5 இன்ஜின். பேரு எஃப்-1. ஒண்ணொண்ணும் சுமார் 680 டன் விசையோட தள்ளும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்ஸிஜனும் சேர்த்து ஒரு செகண்டுக்கு ரெண்டரை டன் குடிக்கும். அதை அள்ளி ஊத்தற பம்ப்பைச் சுத்தறதுக்கே 55,000 குதிரை சக்தி வேணும். இந்த ராட்சசனுக்கு ஒரு வியாதி இருந்துச்சு. உள்ளே நெருப்பு சமமா எரியாம, அலை அலையா ஆட ஆரம்பிக்கும். ஆடினா அவ்வளவுதான், இன்ஜின் சிதறிடும். 1962 ஜூன்ல டெஸ்ட் மேடையில அப்படி ஒண்ணு காலி. ஏன் ஆடுதுன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க அன்னிக்கு இருந்த கம்ப்யூட்டர் பத்தாது. அதனால என்ன பண்ணாங்க தெரியுமா? எரிஞ்சுக்கிட்டு இருக்கற இன்ஜினுக்குள்ளயே சின்னதா ஒரு குண்டை வெடிக்க வெச்சாங்க! வேணும்னே ஆட விட்டு, தானா அடங்குதான்னு பார்க்கறது. அடங்கலையா... எரிபொருளைத் தெளிக்கற தட்டுல துளையை மாத்து, தடுப்பை மாத்து, மறுபடியும் குண்டு வை. இந்த ஒரு வியாதிக்காக மட்டும் முழு சைஸ் இன்ஜின்ல சுமார் 2,000 டெஸ்ட். கடைசியில, செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரத்துல ஆட்டம் அடங்கற டிசைன் சிக்குச்சு. ஏன் அடங்குதுங்கற தியரி முழுசா கைக்கு வர்றதுக்கு முன்னாடியே இன்ஜின் நிலாவுக்குக் கிளம்பிடுச்சு. எங்க லேப்ல இப்படி ஒரு ஐடியாவைச் சொன்னா டி.சி.யைக் கிழிச்சுக் கையில கொடுப்பாங்க.

இப்ப 2013-க்கு வாங்க. அதே மார்ஷல் மையத்துல இளம் இன்ஜினீயர்கள் கூட்டம் ஒண்ணு, குடோன்ல கிடந்த எஃப்-1 ஒண்ணைப் பிரிச்சு மேஞ்சாங்க. அந்த இன்ஜின்கள் கடைசியாப் பறந்தது 1973. இவங்கள்ல பலர் அப்போ பிறக்கவே இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழட்டி, ஒளி பாய்ச்சி ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல 3டி மாடல் போட்டாங்க. பம்ப்பை ஓட்டற கேஸ் ஜெனரேட்டரை மட்டும் தனியா எடுத்து ஜனவரியில எரிச்சும் பார்த்தாங்க. டிராயிங்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு ஸ்கேன்? அதுதான் மேட்டரே. டிராயிங்ல இருக்கற இன்ஜின் வேற, டேபிள் மேல இருக்கற இன்ஜின் வேற. எல்லாம் கையால வெல்டிங் வெச்ச காலம், ஒவ்வொரு இன்ஜினும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு. இந்த இடத்துல இடிக்குதா, லேசா ஒதுக்கு. அங்கே பத்தலையா, இன்னொரு கோட்டிங் வெல்டு ஓட்டு. வேலை செஞ்சவங்களோட அந்த சமாளிப்பெல்லாம் டிராயிங் வரைக்கும் வரவே இல்லை. சிலது அவங்க கைக்குறிப்புல நின்னுச்சு. மிச்சம் மண்டைக்குள்ளயே.

எங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்ல ஒரு அண்ணன் இருக்கார். 30 வருஷ சர்வீஸ். லேத் பக்கமே திரும்பாம, சத்தத்தை மட்டும் கேட்டு, ‘‘டூல் மழுங்கிடுச்சு தம்பி, மாத்து’’ம்பார். மாத்தினா சத்தமும் மாறும். இது எந்த யூனிட்ல வருதுன்னு எங்க ரெக்கார்ட் நோட்டைத் தேடிப் பார்த்துட்டேன். வரலை. அவருக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்.

சரி, எழுதி வெச்சது பத்தலை, பேசி வெச்சதாவது உதவுமா? அப்போலோ 11 நேரத்துல கன்ட்ரோல் ரூம்ல உட்கார்ந்திருந்தவங்களோட சராசரி வயசு 28. நமக்கு நாலஞ்சு பேட்ச் சீனியர்ஸ்னு வெச்சுக்கங்களேன். அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசினது அத்தனையும் 30 டிராக் டேப்ல பதிவாகி இருக்கு. டேப் இருக்கு, ஆனா அதைப் போட்டுக் கேட்க சவுண்ட்ஸ்கிரைபர்னு ஒரே ஒரு மெஷின்தான் மிச்சம். அதுவும் ஒரு நேரத்துல ஒரு டிராக்தான் படிக்கும். டல்லாஸ்ல இருக்கற டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆளுங்க கணக்குப் போட்டாங்க. அப்போலோ 11-ஐ மட்டும் டிஜிட்டலா மாத்தி முடிக்க 170 வருஷம் ஆகுமாம்! அப்புறம் 30 டிராக்கையும் ஒரே மூச்சுல படிக்கற ஹெட் ஒண்ணைப் புதுசா செய்ய வெச்சு, வேலையை மாசக் கணக்குக்குக் கொண்டு வந்து, 19,000 மணி நேரப் பேச்சை 2018-ல வெளியில விட்டாங்க. பாட்காஸ்ட் பிரியர்களே, ஒரு ஆயுசுக்குப் போதும்.

இதெல்லாம் பழங்கதை, புது ராக்கெட்டுக்கு எஃப்-1 எதுக்குன்னு கேட்டா, நியாயம்தான். ஆர்ட்டெமிஸ் திட்டத்து ராக்கெட்ல இருக்கறது ஸ்பேஸ் ஷட்டில் காலத்து ஆர்எஸ்-25 இன்ஜின். ஆனா திரும்பி வரும்போது ஓரியன் கேப்சூலைக் காப்பாத்தற வெப்பக் கவசம் மட்டும் அப்போலோ சொந்தம். பேரு ஆவ்கோட். எரிஞ்சு, கரியாகி, அந்தச் சூட்டையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போயிடற பொருள். தேன்கூடு மாதிரி சட்டம் செஞ்சு, அதுல மூணு லட்சத்துக்கும் மேல இருக்கற ஓட்டைகளை ஒவ்வொண்ணா கையால நிரப்பினாங்க. 2014 டிசம்பர்ல ஓரியன் ஆளில்லாம முதல்ல பறந்தப்பவும் அதே முறைதான். நேரம் தின்னுச்சு, விரிசலும் விட்டுச்சு. அதனால 186 பெரிய பிளாக்கா வார்த்து ஒட்டற முறைக்கு மாறினாங்க. தப்பான முடிவுன்னு நான் சொல்லமாட்டேன். யாரா இருந்தாலும் மாத்தியிருப்பாங்க.

2022 டிசம்பர் 11, ஆர்ட்டெமிஸ் 1 ஆளில்லாமப் போய்ட்டுத் திரும்புச்சு. மணிக்கு சுமார் 40,000 கிலோமீட்டர் வேகம், வெளியில 2,700 டிகிரிக்கு மேல சூடு. கடல்ல இருந்து எடுத்துப் பார்த்தா, கவசத்துல 100 இடத்துக்கு மேல கரி துண்டு துண்டாப் பேர்ந்திருந்துச்சு. காரணத்தைச் சொல்ல 2 வருஷம் ஆச்சு. கேப்சூல் காத்து மண்டலத்துல ஒரு முங்கு முங்கி, மேல எழும்பி, மறுபடி இறங்குற பாதையில வந்துச்சு. அந்த இடைவெளியில மேல்பக்கம் கரியாகறது குறைஞ்சுடுச்சு, ஆனா உள்ளே கேஸ் உருவாகறது நிக்கலை. வெளியேற வழி இல்லாம அழுத்தம் ஏறி, விரிசல்.

முன்னாடியே தரையில டெஸ்ட் பண்ணலையான்னா, பண்ணாங்க. நிஜத்தைவிட அதிக வேகமா சூடேத்திப் பண்ணாங்க. அந்தச் சூட்டுல மேல்பக்கம் நல்லா கரியாகி, கேஸ் சுலபமா வெளியே போயிடுச்சு. கவசம் பாஸ். கேள்வித்தாள் கஷ்டமா இருந்ததால பாஸான ஒரே ஸ்டூடன்ட் இதுவாத்தான் இருக்கும்.

2024 டிசம்பர்ல நாசா எடுத்த முடிவு: ஆர்ட்டெமிஸ் 2-க்கு மாட்டி வெச்ச அதே வகைக் கவசத்தைக் கழட்டப் போறதில்லை, திரும்பி வர்ற பாதையை மட்டும் மாத்தப் போறோம். அதுல போக 2023-லயே தேர்வானவங்க ரீட் வைஸ்மேன், விக்டர் க்ளோவர், கிறிஸ்டினா காக், ஜெரெமி ஹேன்சன்னு நாலு பேர். ஆர்ட்டெமிஸ் 1-ல ஆள் இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நாசா சொன்னது நிஜம். கேபினுக்குள்ள சூடு ஏறவே இல்லை. இருந்தாலும் பாதையை மாத்தறது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது. அடுத்தடுத்த கவசங்களுக்கு, கேஸ் எல்லா இடத்துலயும் சமமா வெளியேறும்படி பிளாக் வார்க்கற முறையையே மாத்தறாங்க. அந்தப் பட்டறையில யாராவது ஒருத்தர் ஒரு நோட்டு போட்டு எழுதிக்கிட்டிருப்பார்னு நம்பறேன். கையெழுத்து கோழி கிறுக்கினாப்ல இருந்தாலும் பரவாயில்லை.