ரோமர் 13-ஐக் காட்டி நம் வாயை அடைக்க விடாதீர்கள்!

ஆகஸ்ட் 10 வருகிறது. நம் கறுப்பு நாள். கொடி தயார். தட்டி தயார். நீங்கள் தயாரா?

1950 ஆகஸ்ட் 10. குடியரசு பிறந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. பட்டியல் சாதிகள் ஆணையில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அதன் மூன்றாவது பத்தி கிறிஸ்தவத் தலித்துகளான நம்மை வெளியே தள்ளியது. இந்து அல்லாத தலித்துக்குப் பட்டியலில் இடமில்லை என்றது. 1956-இல் சீக்கியத் தலித்துகளைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தத் தலித்துகளைச் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. இஸ்லாமியத் தலித்துகளையும் சேர்க்கவில்லை.

ஞானஸ்நானம் வாங்கினோம். சேரி மாறியதா? சாதி விட்டதா? அடிக்க வந்தவன் கழுத்துச் சிலுவையைப் பார்த்துக் கையை இறக்கினானா? அடி மட்டும் அதே அடி. ஆனால் காவல் நிலையத்துக்குப் போனால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்கு இல்லை. பட்டியல் சாதிக்கான தனித்தொகுதியில் நிற்க முடியாது. ஒன்றிய அரசு வேலையில் பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது.

2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு கிடக்கிறது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022-இல் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2023-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நம்மைச் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. வழக்குப் போட்ட ஆண்டில் பிறந்த பிள்ளை இன்று வேலை தேடி அலைகிறது, தோழர்களே!

இதற்குப் பிறகும் நம் ஆலயத்துக்குள்ளேயே ஒரு குரல் எழும்புகிறது. அரசை எதிர்க்காதே, ரோமர் 13-ஐப் படி என்கிறது. படிப்போம். எழுதியவர் யார் என்பதையும் சேர்த்துப் படிப்போம்.

எழுதியவர் பவுல். அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தைத் திறங்கள். பிலிப்பி பட்டணம். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. பவுலையும் சீலாவையும் ஊர் பார்க்க அடித்தார்கள். கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நள்ளிரவில் நிலம் அதிர்ந்தது. சிறைக் கதவுகள் திறந்தன. பவுல் ஓடவில்லை. விடிந்ததும் அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள், சத்தமில்லாமல் போய்விடச் சொல்லி. பவுல் போகவில்லை! நாங்கள் ரோமக் குடிமக்கள் என்றார். அடித்தவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போக வேண்டும் என்றார். வந்தார்கள். பயந்துபோய் வந்தார்கள். கெஞ்சி அனுப்பினார்கள்.

ரோமர் 13-ஐ எழுதிய கை இந்தக் கைதான்! சிறையை உடைக்கவில்லை. காவலன்மேல் கை வைக்கவில்லை. ஆனால் தன் குடியுரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பிற்பாடு இராயனிடமே மேல்முறையீடு செய்தார். அப்போது இராயன் யார்? நீரோ!

நாமும் வரி கட்டுகிறோம். வாக்களிக்கிறோம். ஆட்சியாளருக்காக ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். அவர்கள் நம் எதிரிகள் அல்ல. நாம் கல் எறிய மாட்டோம். ஆனால் அநீதியை அநீதி என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வோம். அதுவும் கீழ்ப்படிதல்தான், கடவுளுக்கு.

இதற்கு விலை உண்டு. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி அந்த விலையைக் கொடுத்தார். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு நின்றார். விசாரணைக்குக் கூப்பிட்டபோது ஒளியவில்லை, பதில் சொன்னார். 2020 அக்டோபர் 8 அன்று உபா என்னும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தார்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கியது. தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது. ஓர் உறிஞ்சுகுழல்! 2021 ஜூலை 5. வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. பிணையும் கிடைக்கவில்லை. காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் உயிர் போனது. வயது 84.

அந்த நடுங்கும் கை மனு எழுதியது. நடுங்காத நம் கை என்ன செய்கிறது?

பயமா? பயப்படுங்கள், பயந்துகொண்டே வாருங்கள். வேலை போகுமா என்று யோசிக்கிறீர்களா? யோசித்துக்கொண்டே வாருங்கள். நாம் பேசாத ஒவ்வோர் ஆண்டும் ஆணையின் அந்த மூன்றாவது பத்திக்கு ஓர் ஆண்டு கூடுகிறது.

வரும்போது இன்னொரு கேள்வியையும் கொண்டுவாருங்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதி பார்த்துச் சுவர் எழுப்பியது அரசு அல்ல. நம் சபைக்காரர்கள். ஆட்சியரிடம் கேட்கும் வாய் ஆயரிடமும் கேட்கட்டும்! சொந்த வீட்டில் ஊமையாக இருந்துவிட்டுத் தெருவில் முழங்க முடியாது.

வாருங்கள் தோழர்களே! கத்தோலிக்கர் வாருங்கள். சி.எஸ்.ஐ. வாருங்கள். லுத்தரன் வாருங்கள். பெந்தெகொஸ்தே சகோதரர்களே, நீங்களும் வாருங்கள். இஸ்லாமியத் தலித் தோழர்களைக் கையோடு அழைத்து வாருங்கள். ஆகஸ்ட் 10 அன்று ஆலய வாசலில் கறுப்புக் கொடி ஏற்றுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நடங்கள். மனுவில் உங்கள் பெயரை முழுதாக எழுதுங்கள். மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ஆட்சியர் வெளியே வந்து கையில் வாங்கும்வரை வாசலிலேயே நில்லுங்கள்!