மாலை ஆறு மணித் தடுப்பு

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் அழகுக்குக் காந்தி சிலையையும் பழைய கலங்கரை விளக்கத்தையும் காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், மாலையில் சாலையின் குறுக்கே வைக்கும் இரும்புத் தடுப்பைத்தான் சொல்வேன். மறுநாள் காலைவரை வண்டி வராது. தார்ச்சாலை முழுக்க நடப்பவர்களுக்குச் சொந்தம். குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம். நம் நகரங்களில் இப்படி எத்தனை சாலைகள் இருக்கின்றன? பழைய பிரெஞ்சுப் பகுதியின் குறுக்குத் தெருக்கள் நேராகக் கடலில் போய் முடிவதால், உள்ளே தள்ளி நிற்பவருக்கும் தெருக்கோடியில் நீலம் தெரிகிறது, காற்று வருகிறது. உயரமான கட்டடங்கள் வந்தால் இந்தக் காற்று போய்விடும். கரையின் கதைதான் வேதனை. 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. நகரின் மணற்கரை அரித்துப்போனது; கருங்கற்களைக் கொட்டினார்கள். கால் நனைத்த ஊர், கல்மேல் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் ஊரானது. பின்னாளில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகே ஒரு பகுதியில் மணல் திரும்பியது. கடற்கரையை அழகுபடுத்தப் புறப்படும் நகராட்சிகளே, அலங்கார விளக்குக்கு ஒப்பந்தம் போடுமுன் வண்டியை எங்கே நிறுத்துவது, மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று விசாரியுங்கள்.